கம்பெனியை எந்த நாட்டில் பதிவது? தொழில் தொடங்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

கோவை சரவணம்பட்டியிலும் சென்னை ஓ.எம்.ஆரிலும் மதுரையிலும் திருச்சியிலும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து மென்பொருள் கம்பெனி தொடங்கப் போகும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். நான் கோவையில் தொழில் பார்க்கும் கம்பெனி செக்ரட்டரி. உங்களைப் போன்றவர்களின் கம்பெனிகளைப் பதிந்து கொடுப்பதும், ஆண்டுக் கணக்குகளைத் தேதி தவறாமல் அனுப்பிவைப்பதும், ஓடாமல் போனவற்றை மூடித் தருவதும் என் வேலை. இப்போதெல்லாம் முதல் போனிலேயே வரும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, டெலவேர்லயே போட்டுடலாங்களா?" சிலருக்கு அந்த இடத்தில் சிங்கப்பூர் இருக்கும், சிலருக்கு துபாய். என்ன செய்யப் போகிறீர்கள், வாங்கப் போவது யார், போடும் பணம் யாருடையது என்று நான் திருப்பிக் கேட்டால், அதெல்லாம் இனிமேல்தான் முடிவு பண்ண வேண்டும் என்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இங்கே குடியிருந்து, இங்கே உட்கார்ந்து வேலை செய்து, சொந்தச் சேமிப்பிலோ முதல் சில வாடிக்கையாளர்கள் தரும் பணத்திலோ தொடங்குகிறீர்கள் என்றால், கம்பெனியை இந்தியாவில் பதியுங்கள். வெளியே போக வேண்டிய நாள் வரலாம். அங்கே கம்பெனி இருந்தால்தான் பணம் தருவேன் என்று ஒருவர் எழுத்தில் சொல்லி, டெர்ம் ஷீட்டை உங்கள் கையில் கொடுக்கும் நாள் அது. அதுவரை பொறுங்கள். நாட்டைத் தேர்ந்தெடுப்பதை முதல் வேலையாக வைத்துக்கொண்டவர்கள் பலர் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தைப் பற்றிக் குறைவாக எண்ண எனக்குக் காரணம் எதுவும் இல்லை. பத்து லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் அந்தச் சின்ன மாநிலத்தில்தான் ஃபார்ச்சூன் 500 பட்டியலில் உள்ள கம்பெனிகளில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் பதிந்திருக்கின்றன. வரி குறைவு என்பதால்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள் என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். ஆனால் அமெரிக்க மத்திய அரசின் 21 விழுக்காடு வரி டெலவேர் கம்பெனிக்கும் உண்டு. அங்கே போவதற்கு முக்கியமான காரணம் நீதிமன்றம். 1792இல் ஏற்பட்ட சான்சரி நீதிமன்றத்தில் ஜூரி கிடையாது. கம்பெனிச் சட்டத்தில் ஊறிய நீதிபதிகளே வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு எழுதுகிறார்கள். 1899இல் வந்த கம்பெனிச் சட்டத்தின் மீது நூறாண்டுக்கு மேல் தீர்ப்புகள் குவிந்திருக்கின்றன. பங்குதாரர்களுக்குள் சண்டை வந்தால் என்ன ஆகும் என்பதை வக்கீல்கள் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிட முடியும். கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து ஆண்டுக்குப் பல கம்பெனிகளில் பணம் போடுகிறவருக்கு இந்த நிச்சயம் பெரிய விஷயம். ஒரே மாதிரி ஒப்பந்தம், ஒரே மாதிரி பங்கு வகை, தெரிந்த நீதிமன்றம். அவர் டெலவேரைக் கேட்பது நியாயம்.

சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன வழியும் அதுதான். கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் தொடங்கிய அந்தக் கம்பெனி, தலைமையகத்தைக் கலிஃபோர்னியாவில் சான் மத்தேயோவில் வைத்து, 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. சென்னையில் வேலை பார்த்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் அன்றைக்குக் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி வெளிநாட்டில், முதலீட்டாளர்கள் அமெரிக்க நிதிகள், பட்டியலிட்டது அமெரிக்கச் சந்தையில். அந்தக் கணக்குக்கு டெலவேர் சரியான விடை. உங்கள் கணக்கு அதுதானா என்பதே என் கேள்வி.

பட்டனை அழுத்தி வெளிநாட்டில் ஒரு கம்பெனியைப் பதிந்தால் இந்தியச் சட்டம் உங்களை விட்டுவிடுவதில்லை. இருக்கும் சட்டத்தின் மேல் இன்னொரு நாட்டுச் சட்டமும் வந்து சேர்கிறது. ஒரு தம்பிக்கு நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். இணையம் வழியாக 500 டாலர் கட்டணம் கட்டி டெலவேரில் கம்பெனி போட்டார். தன் பெயரில் 80 லட்சம் பங்கு எடுத்துக்கொண்டார். ஒரு பங்கின் விலை ஒரு சென்ட்டில் ஆயிரத்தில் ஒரு பகுதி. மொத்தமே 80 டாலர். ஏழாயிரம் ரூபாய்கூட வராத தொகைக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று நினைத்து, கிரெடிட் கார்டிலேயே எல்லாவற்றையும் முடித்தார். சில மாதங்களில் வேலை சூடுபிடித்தது. இங்கே ஆள் எடுக்க வேண்டும் என்பதால் டெலவேர் கம்பெனிக்குக் கீழே கோவையில் ஒரு துணைக் கம்பெனியும் பதிந்தார். பிறகு பெங்களூரிலிருந்து ஒரு முதலீட்டாளர் வந்தார். எல்லாம் பேசி முடிந்த நிலையில் அவருடைய வக்கீல் கேள்விகள் அனுப்பினார். அந்த 80 டாலர் எந்த வங்கி வழியாகப் போனது? பணம் போவதற்கு முன்பே, வெளிநாட்டு முதலீட்டைத் தெரிவிக்கும் எஃப்.சி. படிவம் கொடுத்தீர்களா? ரிசர்வ் வங்கி கொடுத்த யு.ஐ.என். எண் என்ன? ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31க்குள் போக வேண்டிய ஏ.பி.ஆர். அறிக்கை எங்கே?

இவற்றில் ஒன்றுகூட அவரிடம் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் பின்னால் இருந்தது. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, இந்தியாவில் குடியிருக்கும் தனிநபர் வெளிநாட்டுக் கம்பெனியில் நேரடி முதலீடு செய்யலாம். ஆனால் அந்தக் கம்பெனி அவருடைய கட்டுப்பாட்டில் இருந்தால், அதற்குக் கீழே துணைக் கம்பெனி இருக்கக் கூடாது. "மேலே டெலவேர், கீழே கோவை, இரண்டுக்கும் உரிமையாளர் நான்" என்ற அமைப்பு அந்த விதியில் நேராகப் போய் மோதுகிறது. பணம் கட்டித் தவறைத் தீர்த்துக்கொள்ளும் காம்பவுண்டிங் கேட்டு அவர் ரிசர்வ் வங்கியிடம் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. அது முடியும்வரை முதலீட்டாளர் காத்திருக்கவில்லை. அந்தத் தம்பி யாரையும் ஏமாற்றவில்லை, எதையும் மறைக்கவில்லை. பதிவு செய்து தந்த சேவை சொன்ன வரிசைப்படியே ஒவ்வொரு படியாகச் செய்தார். அந்த வரிசை அமெரிக்காவில் குடியிருப்பவரை மனத்தில் வைத்து எழுதியது. இங்கே குடியிருப்பவருக்கு ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அது எனக்கு இன்றைக்கும் மனத்தாங்கல்தான்.

வரியிலும் இதே கதைதான். வெளிநாட்டில் பதிந்த கம்பெனியாக இருந்தாலும், அதன் முக்கியமான முடிவுகள் உண்மையில் இந்தியாவிலிருந்தே எடுக்கப்பட்டால், வருமான வரிச் சட்டம் அதை இந்தியக் கம்பெனியாகவே பார்க்கும். இதை போயம் என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள். 2017இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாயைத் தாண்டாத கம்பெனிகளுக்கு இது பொருந்தாது என்று வரித்துறை சுற்றறிக்கை விட்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் 50 கோடியைத் தாண்ட ஆசைப்படுகிறவர்கள்தானே?

அமெரிக்க வரியில் ஒரு கணக்கு இருக்கிறது. இதை நம் ஊரில் போதிய அளவு யாரும் பேசுவதில்லை என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். மென்பொருள் எழுதும் செலவை அந்த ஆண்டிலேயே முழுதாகக் கழித்துக்கொள்ள முன்பு அமெரிக்கச் சட்டம் அனுமதித்தது. 2022 முதல் அது மாறியது. உள்நாட்டில் எழுதினால் ஐந்து ஆண்டுகளில் பிரித்துக் கழிக்க வேண்டும். வெளிநாட்டில் எழுதினால் பதினைந்து ஆண்டுகள். 2025 ஜூலையில் வந்த புதிய சட்டம் உள்நாட்டுச் செலவுக்கு மட்டும் பழைய சலுகையைத் திருப்பிக் கொடுத்தது. வெளிநாட்டுச் செலவுக்குப் பதினைந்து ஆண்டு அப்படியே நிற்கிறது.

இதை உங்கள் கம்பெனிக்குப் பொருத்திப் பாருங்கள். டெலவேர் தாய்க் கம்பெனிக்கு ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலர். மென்பொருளின் உரிமை அதனிடம் இருக்கிறது. எழுதுவது முழுக்கக் கோவைத் துணைக் கம்பெனி. அதற்காகத் தாய் கொடுப்பது ஒன்பது லட்சம் டாலர். வேறு செலவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கையில் மிஞ்சுவது ஒரு லட்சம். ஆனால் வரிக் கணக்கில் அந்த ஒன்பது லட்சத்தைப் பதினைந்தால் வகுத்து, முதல் ஆண்டில் அதிலும் பாதியைத்தான் கழிக்கலாம். அதாவது முப்பதாயிரம் டாலர். மீதி ஒன்பது லட்சத்து எழுபதாயிரம் டாலரும் லாபமாகக் கருதப்பட்டு, 21 விழுக்காடு வரி இரண்டு லட்சத்து மூவாயிரத்து எழுநூறு டாலர் வரும். கையில் இருப்பது ஒரு லட்சம், கட்ட வேண்டியது இரண்டு லட்சம். கழிக்காமல் விட்டது பின்னால் ஆண்டுக்கு ஆண்டு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வளர்ந்துவரும் கம்பெனிக்கு இந்த ஆண்டு சம்பளம் போட வேண்டுமே. முதலீட்டுப் பணத்தில் நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனிக்குக்கூட, தாளில் லாபம் வந்து நிற்கலாம். கோவையிலோ சென்னையிலோ மொத்தக் குழுவையும் வைத்துக்கொண்டு டெலவேரில் தாயை வைக்கிற எல்லோருக்கும் பொருந்துகிற விதி இது. அங்கே பதிவதற்கு முன் அமெரிக்க சி.பி.ஏ. ஒருவரிடம் இந்த ஒன்றையாவது கேளுங்கள்.

சின்னச் சின்ன அதிர்ச்சிகளும் உண்டு. டெலவேர் மாநிலத்துக்கு ஆண்டுதோறும் மார்ச் 1க்குள் ஃபிரான்சைஸ் வரி கட்ட வேண்டும். ஒரு கோடிப் பங்கு அங்கீகரித்துப் பதிந்த புதிய கம்பெனிக்கு வருகிற நோட்டீஸில் 85,165 டாலர் என்று இருக்கும். ஒரு தங்கை அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அடுத்த நிமிடமே அழுதுகொண்டு போன் செய்தார். அது பங்குகளின் எண்ணிக்கையை வைத்துப் போடும் கணக்கு. கம்பெனியின் சொத்து மதிப்பை வைத்துப் போடும் இரண்டாவது முறை ஒன்று இருக்கிறது; அதில் போட்டால் அவருக்கு 400 டாலரும் அறிக்கைக் கட்டணம் 50 டாலரும்தான். இது தெரிந்தால் போதும், பயம் போய்விடும். ஆனால் 5472 என்ற படிவத்தை இப்படித் தள்ளிவிட முடியாது. வெளிநாட்டவர் கால்பங்கு அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் அமெரிக்கக் கம்பெனி, அவரோடு செய்த கொடுக்கல் வாங்கலை அதில் காட்ட வேண்டும். தவறினால் அபராதம் 25,000 டாலர். வருமானமே இல்லாத கம்பெனிக்கும் இந்த அபராதம் உண்டு.

சிங்கப்பூர் பற்றியும் கேட்கிறீர்கள். நல்ல ஊர். வரி 17 விழுக்காடு, மூலதன ஆதாய வரி கிடையாது, பதிவு வேலை விரைவாக முடியும். உள்ளூரில் குடியிருக்கும் இயக்குநர் ஒருவர் கட்டாயம். ஆறு மாதத்துக்குள் செக்ரட்டரி நியமிக்க வேண்டும். அந்த இயக்குநர் உங்களுக்கு அங்கே யாரும் இல்லை என்றால் ஆண்டுக் கட்டணம் கொடுத்து ஆளைப் பிடிக்க வேண்டியதுதான். இந்தோனேசியா, வியட்நாம், மலேசியா என்று தென்கிழக்கு ஆசியாவில் விற்கப் போகிறீர்கள், உங்களில் ஒருவராவது அங்கே குடிபோகிறீர்கள் என்றால் சிங்கப்பூரை நானே பரிந்துரைப்பேன். ஆனால் இந்தியக் கம்பெனிப் பங்குகளைச் சிங்கப்பூர் வழியாக வைத்திருந்தால் இங்கே ஆதாய வரி இல்லை என்று மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 2017 ஏப்ரல் முதல் வாங்கும் பங்குகளுக்கு அந்தச் சலுகை போய்விட்டது. பழைய காரணத்தை வைத்துக்கொண்டு புதிய முடிவு எடுக்காதீர்கள்.

எஸ்டோனியா வெளிநாட்டவருக்குத் தரும் இ-ரெசிடென்சி என்ற மின்னணு அடையாள அட்டை 2014 டிசம்பரிலிருந்து இருக்கிறது. லாபத்தைப் பிரித்து எடுக்காதவரை அங்கே வரி இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த அட்டை குடியுரிமையும் இல்லை, விசாவும் இல்லை. கோவையில் உட்கார்ந்து நடத்தும்வரை இங்கே உள்ள கடமைகள் எல்லாம் அப்படியே இருக்கும். துபாயில் 2023 ஜூனிலிருந்து கம்பெனி வரி 9 விழுக்காடு வந்துவிட்டது. குடும்பத்தோடு அங்கே போய் வாழப் போகிறவர்களுக்கு அது சரி.

இனி நம் நாட்டைப் பற்றி. இந்தியாவில் எல்லாம் சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன். 2012இல் ஏஞ்சல் வரி என்ற ஒன்றைக் கொண்டுவந்து, நல்லெண்ணத்தோடு பணம் போட்டவர்களையும் வாங்கியவர்களையும் பன்னிரண்டு ஆண்டு அலைக்கழித்தார்கள். பங்கின் விலை நியாயமான மதிப்பைவிட அதிகம் என்று அதிகாரி சொன்னால், வந்த முதலீடே வருமானம் ஆகிவிடும். இருபத்தைந்து வயதுப் பையன்கள் மதிப்பீட்டு அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வரி அலுவலகத்தில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல கம்பெனிகள் பல வெளியே போனதற்கு அதுவும் ஒரு காரணம். 2024 ஜூலை பட்ஜெட்டில்தான் அதை எடுத்தார்கள். அந்தப் பயத்தை மட்டும் இன்னும் பலர் விடவில்லை.

மீதித் தொந்தரவுகள் இருக்கின்றன. ஆண்டுக் கணக்கு ஏ.ஓ.சி.-4 படிவத்திலும் ஆண்டறிக்கை எம்.ஜி.டி.-7 படிவத்திலும் உரிய நாளுக்குள் போகாவிட்டால், படிவத்துக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் கூடுதல் கட்டணம். அதற்கு உச்சவரம்பு இல்லை. வெளிநாட்டிலிருந்து முதலீடு வந்தால் அறுபது நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய முப்பது நாளுக்குள் எஃப்.சி.-ஜி.பி.ஆர். படிவம் போக வேண்டும். ஊழியருக்கு ஈசாப்பில் பங்கு கொடுத்தால், அதை அவர் விற்றுக் காசு பார்ப்பதற்கு முன்பே, பங்காக மாற்றும் நாளிலேயே சம்பளமாகக் கருதி வரி கேட்கிறார்கள். ஸ்டார்ட்அப்களுக்கு இதில் தள்ளிப்போடும் சலுகை உண்டு என்றாலும், அமைச்சகங்களுக்கிடையிலான வாரியத்தின் சான்று பெற்ற கம்பெனிகளுக்கு மட்டும்தான். மத்திய அரசின் டி.பி.ஐ.ஐ.டி. துறையிடம் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் பெற்ற எல்லாக் கம்பெனிகளுக்கும் அதை விரிக்காதது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன். இளம் கம்பெனியில் குறைந்த சம்பளத்துக்கு வருகிறவரிடம் கொடுப்பதற்கு பங்கைத் தவிர என்ன இருக்கிறது?

இத்தனைக்குப் பிறகும் இங்கேயே பதியச் சொல்வது ஏன் என்றால், இந்தத் தொந்தரவுகளுக்கு வழி தெரிந்த ஆள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார். தப்பு நடந்தாலும் ரூபாயில் கட்டித் திருத்திக்கொள்ளலாம். 22 விழுக்காடு வரியைத் தேர்ந்தெடுத்தால் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.17 விழுக்காடு ஆகும். அமெரிக்காவின் 21ஓடு பார்க்க அதிகம்தான். மேலே சொன்ன பதினைந்து ஆண்டுக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். அந்த 22 விழுக்காட்டைத் தேர்ந்தெடுக்காமல், வாரியச் சான்றும் பெற்றால், முதல் பத்து ஆண்டுகளில் தொடர்ச்சியான ஏதாவது மூன்று ஆண்டுக்கு லாபத்துக்கு வரிவிலக்கு உண்டு; குறைந்தபட்ச மாற்று வரி மட்டும் கட்ட வேண்டிவரலாம். 2030 மார்ச் வரை பதியும் கம்பெனிகளுக்கு இது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டி.என். நடத்தும் டான்சீட் திட்டத்தின் பத்து லட்சம் ரூபாய் ஆதார நிதியும் இங்கே பதிந்த கம்பெனிக்குத்தான். டெலவேர் தாயை வைத்துக்கொண்டு அதைக் கேட்டுப் போய் நிற்க முடியாது.

வெளியே போனவர்கள் இப்போது திரும்பி வருவதையும் பாருங்கள். ஃபோன்பே 2022இல் சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்குத் தாய்க் கம்பெனியை மாற்றியது. அதற்காக முதலீட்டாளர்கள் கட்டிய வரி கிட்டத்தட்ட 8,000 கோடி ரூபாய் என்று அதன் நிறுவனர்களே பொதுவெளியில் சொன்னார்கள். க்ரோ 2024இல் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது கட்டிய வரி சுமார் 1,340 கோடி. ரேஸர்பே, மீஷோ, செப்டோ, பைன் லேப்ஸ் என்று வரிசையாகத் திரும்பினார்கள். க்ரோவும் மீஷோவும் பைன் லேப்ஸும் 2025 கடைசியில் இங்கே பங்குச் சந்தையிலும் பட்டியலிட்டுவிட்டன. 2024 செப்டம்பரில் இப்படித் திரும்பும் இணைப்புகளுக்கு கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயமான என்.சி.எல்.டி.க்குப் போகாத விரைவு வழியையும் அரசு திறந்துவிட்டது. ரிசர்வ் வங்கி அனுமதி மட்டும் வேண்டும். இவர்களில் பெரும்பாலோருக்கு வாடிக்கையாளர் இந்தியர், உரிமம் கொடுக்கும் கட்டுப்பாட்டாளர் இந்தியாவில், பட்டியலிட விரும்பிய சந்தையும் மும்பையில். இந்தியருக்கு விற்கும் பணப் பரிமாற்றச் செயலியையோ கடன் செயலியையோ நீங்கள் கட்டுகிறீர்கள் என்றால், வெளிநாட்டுத் தாய் உங்களுக்கு எதற்கு? அவர்களுக்காவது வரி கட்ட வால்மார்ட் போன்ற முதலாளிகள் இருந்தார்கள்.

பணத்தை எங்கே வைக்கிறோம் என்பதிலும் ஒரு பாடம் 2023 மார்ச்சில் கிடைத்தது. சிலிக்கான் வேலி வங்கி ஒரு வெள்ளிக்கிழமை மூடப்பட்டது. அமெரிக்காவில் ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு இரண்டரை லட்சம் டாலர் வரைதான் காப்பீடு. பெங்களூரிலும் சென்னையிலும் இருந்த கம்பெனிகள் பலவற்றின் முழுப் பணமும் அங்கே கிடந்தது. திங்கட்கிழமை சம்பளம் போட முடியுமா என்று தெரியாமல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தூங்காதவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. ஞாயிறு இரவு அமெரிக்க அரசு முழு வைப்புத்தொகைக்கும் உத்தரவாதம் கொடுத்தது. வெளிநாட்டில் கணக்கு வைப்பீர்கள் என்றால் குறைந்தது இரண்டு வங்கிகளில் வையுங்கள்.

எப்போது வெளியே போகலாம்? ஆரம்ப நிலைக் கம்பெனிகளில் பணம் போடும் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போங்கள். அவர்கள் இந்தியாவில் பதிந்த கம்பெனியில் நேரடியாகப் பணம் போடுவதில்லை. பெரிய அமெரிக்க நிதி ஒன்று ரவுண்டை நடத்துகிறது, டெலவேர் வேண்டும் என்கிறது, அதற்கான வக்கீல் செலவையும் ரவுண்டிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது என்றாலும் போங்கள். மதிப்பு குறைவாக இருக்கும் ஆரம்ப நிலையில் மாறினால் வரியும் பெரிதாக இருக்காது. உங்களில் ஒருவர் ஏற்கனவே அமெரிக்காவில் குடியிருக்கிறார், விற்பனை முழுக்க அவர் கையில் என்றால் முதல் நாளே அங்கே பதிவதில் தவறில்லை. ஆனால் டெலவேரில் கம்பெனி இருந்தால் விசா கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கம்பெனிப் பதிவு வேறு, விசா வேறு. 2025 செப்டம்பரில் புதிய எச்1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வைத்த பிறகு அந்த வாசலும் ரொம்பக் குறுகிவிட்டது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் உங்களில் பெரும்பாலோருக்குச் சொல்வேன். தாய்க் கம்பெனி இங்கே இருக்கட்டும். அமெரிக்காவில் பெரிய வாடிக்கையாளர் வந்து, அங்கே உள்ள கம்பெனியோடுதான் ஒப்பந்தம் போடுவேன் என்றால், இந்தியத் தாயின் கீழே அங்கே ஒரு துணைக் கம்பெனி போடுங்கள். இந்தியக் கம்பெனி தன் நிகர மதிப்பைப்போல் நான்கு மடங்கு வரை வெளிநாட்டில் முதலீடு செய்ய ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி தேவையில்லை; வங்கி வழியாகப் படிவம் கொடுத்துச் செய்யலாம். அந்தத் தம்பி மாட்டிக்கொண்ட தடை இந்த அமைப்பில் வராது. மென்பொருளின் உரிமை இங்கே இருப்பதால் பதினைந்து ஆண்டுக் கணக்கும் உங்களைத் தொடாது.

பலரை டெலவேருக்குத் துரத்துவது முதலீட்டாளர்கூட இல்லை, வெளிநாட்டுக்காரரின் கார்டிலிருந்து மாதச் சந்தா வாங்க முடியவில்லை என்பதுதான் என்றும் எனக்குத் தெரியும். கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் 2024இலிருந்து இந்தியாவில் அழைப்பின் பேரில் மட்டுமே புதியவர்களைச் சேர்க்கிறது. அதற்காக ஒரு கம்பெனியையே வெளிநாட்டில் போட வேண்டாம். பேடில் போன்றவை உங்கள் சார்பில் தாங்களே விற்று, அந்தந்த நாட்டு விற்பனை வரியையும் கட்டிவிட்டு, மீதியை உங்கள் இந்தியக் கணக்குக்கு அனுப்புகின்றன. கமிஷன் கொஞ்சம் அதிகம். இரண்டு நாட்டு ஆடிட்டர் செலவோடு பார்த்தால் அது மலிவு. ஏற்றுமதி என்பதால் ஒவ்வோர் ஆண்டும் எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டால் ஜி.எஸ்.டி.யும் கட்ட வேண்டியதில்லை.

நம் பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, சென்னையைத் தலைமையகமாக வைத்து, தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையிலும் அலுவலகம் போட்டு, உலகம் முழுக்க விற்கிறது. கோவை.கோ 2011இல் லண்டனில் தொடங்கியது, சரவணகுமார் அங்கே வாழ்ந்ததால். வேலை நடப்பது நம் கோவையில். இரண்டும் முதலீட்டாளருக்காக நாடு தேடி அலையவில்லை; நடத்துகிறவர்கள் இருந்த இடத்தையும் விற்ற இடத்தையும் பார்த்து அமைத்துக்கொண்டவை.

கடைசியாக ஒரு வேலை. நாட்டை எப்போது முடிவு செய்தாலும் சரி, இதை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். கம்பெனி பிறப்பதற்கு முன்பே நீங்கள் எழுதிய கோடு, வாங்கிய டொமைன், வரைந்த லோகோ எல்லாம் இன்றைக்கு உங்கள் தனிப்பட்ட பெயரில் இருக்கின்றன. கல்லூரித் தோழன் ஒருவன் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதித் தந்துவிட்டு டி.சி.எஸ்.ஸில் வேலைக்குப் போயிருப்பான். அவன் எழுதியது சட்டப்படி இன்னும் அவனுடையது. எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, உரிமையைக் கம்பெனிக்கு மாற்றும் பத்திரம் ஒன்றை முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் நிறுவனர்கள் ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு, ஒருவர் நடுவில் விலகினால் எத்தனை திரும்பி வரும் என்பதையும் எழுதிவிடுங்கள். நட்பாக இருக்கும்போது அரைமணி நேரத்தில் முடிகிற பேச்சு இது. பின்னாளில் இந்தியாவிலிருந்து டெலவேருக்கு மாற நேர்ந்தாலும், அங்கிருந்து இங்கே திரும்ப நேர்ந்தாலும், எந்த நாட்டு வக்கீலாக இருந்தாலும் முதலில் கேட்பது அந்த இரண்டு தாள்களைத்தான்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
கோயம்புத்தூர்